லண்டன் – பாரிஸ்: 344 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா?

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு? சுமார் 344 கிலோமீட்டர். விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? ஏறக்குறைய ஒன்றேகால் மணி. யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பதில்தான் வரும். இரண்டுமே சரியான பதில்கள்தான். ஆனால் இந்த இரண்டையும் நம்பிக் காலை எட்டு மணிக்கு லண்டன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பத்து மணிக்கு பாரிசில் ஒருவரைச் சந்திப்பதாக வாக்குக் கொடுத்தவன் கதி அதோகதிதான்!

ஏன்? இந்த ஒன்றேகால் மணி என்பது பயண நேரமே அல்ல. பயணத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டை மட்டும் எடுத்துக் காட்டித்தான் டிக்கெட் விற்கிறார்கள். அதை வைத்துத்தான் மக்கள் விமானமா ரயிலா என்று முடிவு செய்கிறார்கள். தவறான எண்ணை வைத்து எடுக்கிற முடிவு எப்படிச் சரியாக இருக்கும்? ஐரோப்பாவின் இரண்டு பெரிய தலைநகரங்களுக்கு இடையிலான இந்தச் சின்னத் தூரம் அதைப் புரிந்துகொள்ள அருமையான உதாரணம்.

24 நிமிடக் கணக்கு

முதலில் சின்ன ஒரு கணக்கு. 344 கிலோமீட்டர் என்பது பூமியின் வளைவையொட்டி இரண்டு நகரங்களுக்கும் நடுவே போடுகிற மிகக் குறுகிய கோட்டின் நீளம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிஸ் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கு அளந்தால் 350 கிலோமீட்டரை ஒட்டி வரும். பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று வைத்துக்கொண்டால் 344 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? வெறும் 24 நிமிடம்!

அப்புறம் ஏன் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கிறது? விமானம் எடுத்த எடுப்பிலேயே 850 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடாது. மேலே ஏற வேண்டும். ஏறி முடித்துக் கொஞ்ச நேரம் ஆவதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். இந்த வழித்தடத்தில் நிதானமாக ஒரே உயரத்தில் பறக்கிற நேரம் மிகக் குறைவு. நேர்கோட்டிலும் பறக்க முடியாது. கிளம்புகிற ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, வளைந்து, குறிப்பிட்ட பாதையில் போய், அங்கே எந்தத் திசையிலிருந்து இறங்கச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

இன்னொரு விஷயம். விமான நிறுவனங்கள் சொல்கிற நேரம் வானத்தில் இருக்கிற நேரம் மட்டும் அல்ல. சக்கரத்தின் அடியில் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம். அதனால்தான் அதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். ஹீத்ரோ மாதிரி நெரிசலான இடத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்பதற்கே கால் மணி நேரம் போய்விடும். லண்டனுக்குத் திரும்பி வரும்போது இறங்க இடம் கிடைக்கும்வரை வானத்தில் வட்டமடிக்க என்றே நகரைச் சுற்றி நான்கு இடங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் போட்டு வைப்பது நிறுவனங்களின் வழக்கம். 15 நிமிடத்துக்குள் தாமதமாக வந்தாலும் 'சரியான நேரம்' என்றுதான் கணக்கு.

இதில் வேடிக்கையும் உண்டு. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாரிசில் 10 மணிக்குக் கிளம்புகிற விமானம் லண்டனுக்கு 10:20க்கு வந்து சேர்வதாக டிக்கெட் சொல்லும். இருபதே நிமிடம்! போகும்போது இழந்ததை வரும்போது திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சுற்றுவழியும் காத்திருப்பும் சும்மா வந்தவை அல்ல. 1922 ஏப்ரல் 7 அன்று இதே வழித்தடத்தில், பிரான்சின் பிக்கார்டி பகுதிக்கு மேலே, எதிரெதிரே வந்த இரண்டு பயணிகள் விமானங்கள் மூடுபனியில் மோதிக்கொண்டன. ஏழு பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் நடுவானில் மோதியது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. அந்தக் காலத்து விமானிகளுக்கு வழிகாட்ட ரேடார் கிடையாது. கீழே தெரிகிற சாலையையும் ரயில் தண்டவாளத்தையும் பார்த்துக்கொண்டே போவார்கள். இன்று விமானங்களுக்கு இடையே விடுகிற இடைவெளி உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேகம் கூடியது, நேரம் குறையவில்லை

லண்டனிலிருந்து பாரிசுக்குத் தினசரி விமான சேவை தொடங்கியது 1919 ஆகஸ்ட் 25. ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற இடத்திலிருந்து கிளம்பிய அந்தச் சின்ன விமானத்தில் ஒரே ஒரு பயணி. அவரோடு செய்தித்தாள்கள், பாலாடை, வேட்டையாடிய பறவைகள் என்று கொஞ்சம் சரக்கு. பாரிஸ் லெ பூர்ஜே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்.

1950 ஜூலை 29 அன்று இதே வழித்தடத்தில் இன்னொரு சரித்திரம். டர்பைன் இன்ஜின் பொருத்திய பயணிகள் விமானம் ஒன்று கட்டணம் செலுத்திய பயணிகளோடு முதன்முதலில் பறந்தது. விக்கர்ஸ் வைகவுண்ட் என்று பெயர். லண்டன் நார்த்தோல்ட்டிலிருந்து லெ பூர்ஜேவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விட்டது.

இப்போது கவனியுங்கள். 1919இல் இரண்டரை மணி. 1950இல் ஒரு மணி. அதற்குப் பிறகு எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. வைகவுண்டைவிட மிக வேகமான ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. ஆனால் டிக்கெட்டில் அச்சிடுகிற நேரம் ஒன்றேகால் மணி! வேகம் கூடியிருக்கிறது, நேரம் குறையவில்லை.

தரையில் தின்கிற நேரம்

வானத்தில்தான் இப்படி என்றால் தரையில் இன்னும் மோசம். வரைபடத்தைப் பாருங்கள். லண்டனுக்குத் தென்கிழக்கே இருக்கிறது பாரிஸ். ஆனால் ஹீத்ரோ இருப்பது நகரின் மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேலே, மேற்கில்! பாரிஸ் போகிறவர் முதலில் பாரிசுக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். அங்கே சார்ல் தெ கோல் இருப்பது நகருக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி. மலிவு விமானங்கள் சில போய் இறங்குகிற பூவே விமான நிலையம் இன்னும் விசேஷம். பெயரில் பாரிஸ் இருக்கும், ஆனால் பாரிசிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தூரம். அங்கிருந்து பஸ் பிடித்து நகருக்குள் வர, பறந்த நேரத்தை விட அதிகமாகவே ஆகலாம்.

உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். லண்டன் மையத்திலிருந்து ஹீத்ரோவுக்கு நடை, ரயில் எல்லாம் சேர்த்து முக்கால் மணி. பாதுகாப்புச் சோதனைக்கும் கதவடைப்புக்கும் முன்னதாகப் போய்ச் சேர ஒன்றரை மணி. விமானத்தில் ஒன்றேகால் மணி. அங்கே பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வருவதற்குக் காத்திருப்பு இவற்றுக்கு முக்கால் மணி. பாரிஸ் நகருக்குள் வர இன்னொரு முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம்! கைப்பையோடு போகிறவர், எல்லா வரிசையும் சீக்கிரம் நகர்ந்தால், நாலேகால் மணியில் போய்விடலாம். அதற்குமேல் குறைக்க வழியில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அப்படியே பொருந்துகிறது. ஐந்து மணி நேரத்தில் பறக்கிற பங்கு கால்வாசி, தரைப் பங்கு முக்கால்வாசி.

ரயில் மட்டும் யோக்கியமா?

இங்கேதான் ரயில் வருகிறது. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை 1994 மே 6 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று யூரோஸ்டார் ரயில் ஓட ஆரம்பித்தது. அப்போது பயண நேரம் மூன்று மணி. பிரான்சில் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்து வந்த ரயில், இங்கிலாந்து மண்ணைத் தொட்டதும் பழைய தண்டவாளத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. 2003இல் இங்கிலாந்துப் பக்கம் புதிய அதிவேகப் பாதையில் ஒரு பகுதி தயாரானது. 2007 நவம்பர் 14 அன்று மீதியும் முடிந்து, லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு இரண்டேகால் மணி என்று ஆனது.

ரயில் போகிற தூரம் சுமார் 490 கிலோமீட்டர். வான்வழித் தூரத்தைவிட நாற்பது சதவீதம் அதிகம். விமானத்தைவிட வேகமும் குறைவு. ஆனாலும் இரண்டு நிலையங்களும் நகரத்துக்கு உள்ளேயே இருக்கின்றன! வீட்டிலிருந்து நிலையத்துக்கு இருபது நிமிடம், அங்கே சோதனைகளுக்கு ஒன்றேகால் மணி, ரயிலில் இரண்டேகால் மணி, இறங்கி வெளியே வரக் கால் மணி என்று வைத்தால் நான்கு மணி சொச்சம். அதிகத் தூரம், குறைந்த வேகம், ஆனால் சீக்கிரம் போய்ச் சேர்கிறது. தூரத்தையும் வேகத்தையும் மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனால் ரயிலை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. மேலே உள்ள கணக்கில் அந்த ஒன்றேகால் மணியைப் பாருங்கள். ரயில் பயணத்துக்கு எதற்கு அவ்வளவு காத்திருப்பு? லண்டனிலேயே பிரான்ஸ் அதிகாரிகளும், பாரிசிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகளும் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறி, மாறுதல் காலமும் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்த பிறகு சோதனை கூடிவிட்டது. 2025 அக்டோபரில் ஐரோப்பா கைரேகை, முகப்படம் பதிகிற புதிய முறையையும் தொடங்கியது. ரயில் தன்னுடைய பெரிய பலத்தை, அதாவது ஓடிவந்து ஏறிக்கொள்கிற வசதியை, கொஞ்சம் கொஞ்சமாக இழந்து விமான நிலையம் மாதிரி மாறிக்கொண்டிருக்கிறது. 2009 டிசம்பரில் பனிக்காலத்தில் ஐந்து ரயில்கள் சுரங்கத்துக்குள்ளேயே பழுதாகி நின்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இரவெல்லாம் தவித்ததையும் மறைக்க வேண்டியதில்லை. நாலே மாதத்தில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது, 2010 ஏப்ரலில், ஜனங்கள் ஓடிவந்து ஏறியதும் இதே ரயிலில்தான்!

யார் காசு?

சரி, ரயில்தான் சீக்கிரம் என்றால் இன்னும் ஏன் விமானங்கள் பறக்கின்றன? காரணங்களில் நியாயமானதும் இருக்கிறது, நியாயமில்லாததும் இருக்கிறது.

நியாயமான காரணம், இணைப்புப் பயணிகள். சிகாகோவிலிருந்து ஹீத்ரோ வந்து பாரிஸ் போகிறவருக்கு லண்டன் நகரத்துக்குள் வந்து ரயில் பிடிப்பது வீண் அலைச்சல். அவருக்கு ஹீத்ரோ ஏற்கெனவே வந்து இறங்கிய இடம். மேற்கு லண்டனில் குடியிருப்பவருக்கும் விமானமே வசதி. இவர்களையெல்லாம் விமானத்தில் ஏறாதே என்று சொல்வது அநியாயம்.

நியாயமில்லாத காரணம், விலை. பல நாட்களில் ரயில் டிக்கெட்டைவிட விமான டிக்கெட் மலிவு. சுரங்கப்பாதை முழுக்கத் தனியார் பணத்தில் கட்டப்பட்டது. செலவு மதிப்பீட்டைவிட 80 சதவீதம் எகிறியது. முதல் முழு ஆண்டான 1995இல் ஒன்றரைக் கோடிக்கும் மேல் பயணிகள் வருவார்கள் என்று எதிர்பார்த்த யூரோஸ்டாரில், வந்தவர்கள் 30 லட்சத்தை ஒட்டித்தான். கடனில் மூழ்கிய நிறுவனத்தின் பங்குகளை வாங்கி வைத்திருந்த பிரான்சின் சின்ன முதலீட்டாளர்கள் போட்ட காசில் பெரும்பகுதியைத் தொலைத்தார்கள். இன்றும் சுரங்கத்துக்குள் போகிற ஒவ்வொரு ரயில் பயணிக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. பயணிகள் ரயிலில் முப்பது ஆண்டுகளாகப் போட்டியாளரும் கிடையாது. விலை எப்படி இறங்கும்?

அந்தப் பக்கம் விமானத்தைப் பாருங்கள். ஹீத்ரோவுக்கு அதுவும் கட்டணம் கொடுக்கிறது, உண்மை. லண்டனில் ஏறுகிற விமானப் பயணியிடம் தலைவரியும் வாங்குகிறார்கள். அந்த வரி வந்ததும் யூரோஸ்டார் வந்த அதே 1994 நவம்பரில்தான். கார்பன் அனுமதிச் சந்தையிலும் இந்த விமானங்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் எரிபொருளுக்கு? 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையில் தொடங்கி, அதை ஒட்டி நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்வரை, பன்னாட்டு விமானத்தின் எரிபொருளுக்கு வரிவிலக்கு நிலைத்துவிட்டது. லண்டன் தெருவில் ஓடுகிற கார்க்காரர் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார். அவர் தலைக்கு மேல் பறக்கிற விமானம் தன் எரிபொருளுக்குக் கட்டுவதில்லை!

தலைவரிக்கும் எரிபொருள் வரிக்கும் என்ன வித்தியாசம்? பாதி காலியாகப் பறக்கிற விமானம் பாதித் தலைவரிதான் கட்டும். ஆனால் எரிபொருள் பாதியாகக் குறையாது, ஏறக்குறைய அதே அளவு எரியும். இந்த மாதிரிக் குறுந்தூரப் பயணத்தில் மேலே ஏறுவதற்கே பெரும்பங்கு எரிபொருள் செலவாகிவிடுகிறது. தீங்கு எதில் இருக்கிறதோ அதன்மேல் வரி போடாமல், எண்ணுவதற்குச் சுலபமானதன்மேல் போட்டிருக்கிறார்கள். ஒரு பயணிக்கு ரயில் வெளியிடுகிற கரிக்காற்று, விமானம் வெளியிடுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வித்தியாசம் டிக்கெட் விலையில் தெரிகிறதா? இல்லை.

தடை வேண்டாம், கணக்கு வேண்டும்

பிரான்ஸ் 2021இல் ஒரு சட்டம் போட்டது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் அந்த ஊர்களுக்கு இடையே உள்நாட்டு விமானம் கூடாது என்பது அதன் சாரம். 2023 மே மாதம் அதற்கான ஆணை வந்தபோது அகப்பட்டவை பாரிஸ் ஓர்லியிலிருந்து நாந்த், லியோன், போர்தோ போகிற மூன்றே வழித்தடங்கள். அவற்றையும் விமான நிறுவனம் முன்பே நிறுத்தியிருந்தது! லண்டன்–பாரிஸ் ரயில் நேரம் இரண்டரை மணிக்கு உள்ளேதான் வருகிறது. ஆனால் இடையில் ஒரு எல்லைக்கோடு இருப்பதால் அந்தச் சட்டம் தொடாது.

தடை போடுவது பார்க்கத் தைரியமான காரியம் மாதிரி தெரியும், பலன் சொற்பம். அதைவிட நல்ல முன்னுதாரணம் இன்னொரு ஜோடித் தலைநகரங்களுக்கு இடையே நடந்தது. பாரிசுக்கும் பிரசெல்சுக்கும் இடையே அதிவேக ரயில் வந்து பயண நேரம் ஒன்றரை மணிக்கும் கீழே இறங்கியதும், 2001இல் ஏர் பிரான்ஸ் அந்த வழித்தட விமானத்தை நிறுத்திவிட்டது. சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருப்பதால், இணைப்புப் பயணிகளை அங்கிருந்தே ரயிலில் ஏற்றி அனுப்பியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கு சரியாக வந்தது, விமானம் தானாக நின்றது.

லண்டன்–பாரிசுக்கும் வேண்டியது அதுதான். முதலாவது, டிக்கெட் விற்கிற இடத்தில் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு ஆகும் மொத்த நேரத்தைப் போடச் சொல்ல வேண்டும். ரயிலுக்கும் இதே விதிதான், காத்திருப்பையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் எடை போடுவதில்லையா? மாணவனுக்கு நேரத்தைவிடக் காசு பெரிது, வியாபாரிக்குக் காசைவிட நேரம் பெரிது. யாருக்கு எது பெரிதோ, அதை அவர்களே முடிவு செய்ய உண்மையான எண் கையில் வேண்டும். இரண்டாவது, எரிபொருள் வரிவிலக்கை இந்த மாதிரிக் குறுந்தூர வழித்தடங்களிலாவது இரண்டு அரசுகளும் பேசி நீக்க வேண்டும். இரண்டே நாடுகள், ஒரே ஒப்பந்தம், முடியாத காரியம் அல்ல. மூன்றாவது, ரயில் நிலையத்துப் பாஸ்போர்ட் வரிசைக்குப் போதுமான ஆட்களையும் இடத்தையும் கொடுக்க வேண்டும். இரண்டு நகரங்களையும் நெருக்கமாக்க இனிப் புதிய சுரங்கமோ புதிய இன்ஜினோ தேவையில்லை. அந்த வரிசையில் அரை மணி குறைந்தாலே போதும்.

1919இல் அந்த ஒற்றைப் பயணி இரண்டரை மணி நேரம் வானத்தில் இருந்தார். இன்று அதில் பாதிதான் வானத்தில், மிச்சமெல்லாம் வரிசையில்! வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தைத் தரையில் தொலைத்துவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். 344 கிலோமீட்டர் என்பது பறவைக்கான தூரம். மனிதனுக்கான தூரத்தை மணியில்தான் அளக்க வேண்டும், அதுவும் வீட்டு வாசலிலிருந்து.